தின் புரொவிஷனிங்: டிஸ்க் பூலை பத்திரமாக சுருக்குவது எப்படி?

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலர் செய்யும் முதல் வேலை, வீட்டில் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அதில் இணைப்பதுதான். ஒன்றில் போட்டோக்கள், இன்னொன்றில் சினிமாக்கள், மூன்றாவதில் அலுவலக பைல்கள் என்று ஆளுக்கொரு டிரைவ் எழுத்துடன் அவை வரிசையாக நிற்கும். எந்த பைல் எந்த டிரைவில் இருக்கிறது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும். இவற்றை ஒன்றாக்கி, ஒரே பெரிய டிரைவாக பயன்படுத்த விண்டோஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதன் பெயர் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ். 2012-ல் விண்டோஸ் 8 உடன் அறிமுகமான இந்த வசதி, இப்போதைய விண்டோஸ் 11-லும் உள்ளது. ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களும் பயன்படுத்தலாம்.

டிஸ்க்குகளை ஒன்றாக்குவது சுலபம். நான்கு கிளிக்கில் முடிந்துவிடும். சேர்த்த டிஸ்க்கை திரும்ப வெளியே எடுக்க வேண்டி வரும்போதுதான் சந்தேகங்கள் தொடங்கும். டிஸ்க் பழையதாகி சத்தம் போடலாம். வேறு கம்ப்யூட்டருக்கு தேவைப்படலாம். அப்போது மை கம்ப்யூட்டரில் பார்த்தால் டிரைவ் 10 டெராபைட் என்று காட்டும். அதில் ஒன்பதுக்கு மேல் காலி என்றும் காட்டும். “இவ்வளவு காலியாக இருக்கிறதே, ஒரு டிஸ்க்கை உருவிக்கொண்டால் என்ன?” என்று தோன்றும். அந்த காலி இடம் உண்மையான இடம் அல்ல என்பதுதான் இந்த பாடத்தின் சாரம். ஏன் அப்படி, பூலை சரியாக சுருக்குவது எப்படி என்று பார்ப்போம்.

டிஸ்க், பூல், ஸ்பேஸ்

முதலில் மூன்று சொற்களை தெளிவாக்கிக்கொள்வோம்.

டிஸ்க் என்பது நீங்கள் கையில் எடுத்து பார்க்கக்கூடிய பெட்டி. கம்ப்யூட்டருக்குள் இருக்கலாம், யுஎஸ்பி வழியாக வெளியே தொங்கலாம்.

பூல் என்பது அந்த டிஸ்க்குகளின் கூட்டு. வீட்டு மாடியில் இரண்டு மூன்று தண்ணீர் தொட்டிகளை குழாய் போட்டு இணைப்பது போல. இணைத்த பிறகு எந்த தொட்டியின் தண்ணீர் குழாயில் வருகிறது என்று நாம் பார்ப்பதில்லை. ஒரு டிஸ்க்கை பூலில் சேர்க்கும்போது அதில் ஏற்கெனவே இருக்கும் பைல்கள் அனைத்தும் அழிக்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். விண்டோஸ் இருக்கும் சி டிரைவின் டிஸ்க்கை பூலில் சேர்க்க முடியாது.

ஸ்பேஸ் என்பது பூலில் இருந்து பிறக்கும் டிரைவ். இதுதான் உங்களுக்கு ஈ டிரைவ் என்றோ எப் டிரைவ் என்றோ தெரியும். இதில் நான்கு வகை உண்டு.

1. சிம்பிள்: பைலின் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். ஒரு டிஸ்க் போனால் டிரைவே போகும்.

2. டூ-வே மிரர்: ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து வைக்கப்படும். குறைந்தது 2 டிஸ்க் தேவை.

3. த்ரீ-வே மிரர்: மூன்று பிரதிகள். குறைந்தது 5 டிஸ்க் தேவை.

4. பாரிட்டி: பைலோடு, அதை மீண்டும் கணக்கிட்டு எடுக்க உதவும் கூடுதல் தகவலும் எழுதப்படும். குறைந்தது 3 டிஸ்க் தேவை.

வீட்டு உபயோகத்திற்கு பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளையே பார்க்கலாம்.

தின் என்றால் என்ன?

கல்யாணத்திற்கு 500 பேருக்கு பத்திரிகை வைக்கிறோம். 500 இலையையும் காலையிலேயே போட்டு, சோறும் பரிமாறி வைத்துவிட்டு காத்திருப்பதில்லை. வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் இலை போடுகிறோம். பத்திரிகை 500, போட்ட இலை 120 என்று இருக்கலாம். தின் புரொவிஷனிங் என்பதும் இதுதான்.

ஸ்பேஸ் உருவாக்கும்போது அதன் அளவு என்ன என்று விண்டோஸ் கேட்கும். உங்கள் பூலில் மொத்தம் 4 டெராபைட்தான் இருந்தாலும், நீங்கள் 10 டெராபைட் என்று கொடுக்கலாம். விண்டோஸ் மறுக்காது. 10 டெராபைட் என்பது பத்திரிகை. உள்ளே பைல்களை எழுத எழுதத்தான் பூலில் இருந்து உண்மையான இடம் சிறுகச் சிறுக எடுத்துக்கொடுக்கப்படும். கண்ட்ரோல் பேனல் வழியாக நாம் உருவாக்கும் ஸ்பேஸ்கள் இந்த தின் வகையைச் சேர்ந்தவை. இதற்கு எதிரானது பிக்ஸட் வகை. அதில் கேட்ட அளவு முழுவதும் முதல் நாளே ஒதுக்கப்பட்டுவிடும்.

தின் வகையில் நன்மை உண்டு. பிற்காலத்தில் புது டிஸ்க் வாங்கி சேர்த்தால் போதும், டிரைவின் அளவை மாற்ற வேண்டியதில்லை. தீமையும் உண்டு. பத்திரிகை வைத்த 500 பேரும் ஒரே நேரத்தில் வந்தால் பந்தி தாங்காது. பூலில் இடம் தீர்ந்துவிட்டால், ஈ டிரைவில் இன்னும் பல டெராபைட் காலி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே எழுதுவது நின்றுபோகும். டிரைவே ஆப்லைனுக்கும் போகலாம். பூல் நிரம்பும் நிலை வந்தால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையை குளோஸ் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பார்க்க வேண்டிய எண்கள்

ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து, ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ‘மேனேஜ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ என்பதை தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி பிரிவிலும் இது இருக்கும். தோன்றும் விண்டோவில் மூன்று பகுதிகள் தெரியும்.

மேலே, பூலின் மொத்த கொள்ளளவும் அதில் இதுவரை பயன்பட்ட அளவும் இருக்கும். நடுவில் ஒவ்வொரு ஸ்பேஸின் பெயர், வகை, அளவு, அது பூலில் பிடித்திருக்கும் இடம் ஆகியவை இருக்கும். கீழே ‘பிசிகல் டிரைவ்ஸ்’ என்ற தலைப்பில் ஒவ்வொரு டிஸ்க்கும் எத்தனை சதவீதம் நிரம்பியுள்ளது என்று இருக்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1 டெராபைட் டிஸ்க் இரண்டு, 2 டெராபைட் டிஸ்க் ஒன்று. மொத்தம் 4 டெராபைட். கடையில் 1 டெராபைட் என்று விற்பதை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும் என்பது உங்களுக்கு தெரிந்திருக்கும். எனவே பூலின் அளவு 3.6 டெராபைட் அளவில் காட்டப்படும். இதில் டூ-வே மிரர் வகையில் 10 டெராபைட் ஸ்பேஸ் ஒன்று உருவாக்கி, 700 ஜிபி பைல்கள் வைத்திருக்கிறீர்கள் என்போம்.

இப்போது ஈ டிரைவின் பிராப்பர்ட்டீஸில் பயன்பட்டது 700 ஜிபி என்று இருக்கும். ஆனால் பூலில் பயன்பட்டது சுமார் 1,400 ஜிபி. ஏனென்றால் மிரரில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி. மூன்று டிஸ்க் பாரிட்டியாக இருந்தால் 700 ஜிபிக்கு சுமார் 1,050 ஜிபி பிடிக்கும். சிம்பிள் என்றால் 700-க்கு 700.

ஆகவே ஈ டிரைவின் பிராப்பர்ட்டீஸ் காட்டும் காலி இடத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பூல் விண்டோ காட்டும் எண்களை மட்டும் நம்புங்கள். அவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் அவை தேவைப்படும்.

ஏன் உருவக்கூடாது?

எங்கள் குடியிருப்பில் மேல் வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் ஒருவர் இருக்கிறார். இரண்டு யுஎஸ்பி டிஸ்க்குகளை சேர்த்து சிம்பிள் வகையில் ஒரு ஸ்பேஸ் வைத்திருந்தார். மகளின் கல்யாண வீடியோ, பேரனின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். டிரைவில் பாதிக்கு மேல் காலி என்று காட்டியதால், ஒரு டிஸ்க்கை கழற்றி மைத்துனருக்கு கொடுக்க எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் காலையில் என்னை கூப்பிட்டு, “தம்பி, ஈ டிரைவையே காணோம்” என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, “சார், அந்த டிஸ்க்கை யாரிடமாவது கொடுத்துவிட்டீர்களா? பார்மட் செய்தார்களா?” என்பதுதான். நல்லவேளையாக அது பையிலேயே இருந்தது. அதே கம்ப்யூட்டரில் மீண்டும் இணைத்தோம். ஈ டிரைவ் திரும்ப வந்தது, பைல்களும் அப்படியே இருந்தன. மைத்துனர் வாங்கிப்போய் பார்மட் செய்திருந்தால் அந்த போட்டோக்கள் திரும்பி வந்திருக்காது.

அவர் நினைத்தது, ஒரு டிஸ்க் நிரம்பிய பிறகுதான் அடுத்த டிஸ்க்கில் எழுதப்படும் என்று. அப்படி இல்லை. பைல்கள் சிறு துண்டுகளாக்கப்பட்டு, டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி பரவலாக எழுதப்படும். ஒரே போட்டோ ஆல்பத்தின் பாதி இந்த டிஸ்க்கிலும் மீதி அந்த டிஸ்க்கிலும் இருக்கும். எனவே பூலில் “காலியான டிஸ்க்” என்று ஒன்று தானாக இருப்பதில்லை. ஒரு டிஸ்க்கை நாம்தான் காலி செய்ய வேண்டும். சுருக்குவது என்பது அந்த வேலைதான்.

எதை சுருக்க முடியும், எதை முடியாது?

ஸ்பேஸின் அறிவிக்கப்பட்ட அளவை, நம் உதாரணத்தில் 10 டெராபைட்டை, கூட்டலாம், குறைக்க முடியாது. ஆனால் அதற்காக கவலைப்பட தேவையில்லை. அது வெறும் பத்திரிகை எண்ணிக்கை. பூலில் அதற்கென்று இடம் எதுவும் செலவாகவில்லை.

பூலில் பைல்கள் பிடித்திருக்கும் இடத்தை குறைக்க முடியும். அதன் பிறகு ஒரு டிஸ்க்கில் இருப்பதை மற்ற டிஸ்க்குகளுக்கு நகர்த்தி, அந்த டிஸ்க்கை பூலில் இருந்து விடுவிக்கவும் முடியும். இந்த இரண்டையும் இதே வரிசையில் செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. பூலில் இல்லாத வேறு ஒரு டிஸ்க்கில் முக்கியமான பைல்களை காப்பி எடுத்துவிடுங்கள். மிரர் வைத்திருக்கிறேனே என்று சொல்ல வேண்டாம். மிரர், டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். நீங்கள் தவறுதலாக டெலீட் செய்தால் இரண்டு பிரதியிலும் சேர்ந்தே டெலீட் ஆகும். காப்பி எடுத்த பிறகு நாலைந்து போட்டோக்களையும் ஒரு வீடியோவையும் அதிலிருந்து திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: பிடித்திருக்கும் இடத்தை குறைப்பது

தேவையில்லாத பைல்களை டெலீட் செய்யுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். இப்போது பூல் விண்டோவை பார்த்தால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 200 ஜிபி சினிமாக்களை அழித்தோம். மிரர் என்பதால் பூலில் 400 ஜிபி குறைய வேண்டும். ஆனால் குறைந்தது அதைவிட கம்மியாக இருக்கலாம்.

காரணம் இதுதான். பூல் தன் இடத்தை ஒவ்வொரு பைட்டாக கொடுப்பதில்லை. ஸ்லாப் எனப்படும் பெரிய பாளங்களாக கொடுக்கிறது. விண்டோஸ் 8-ல் இந்த வசதி வந்தபோது ஒரு ஸ்லாப் 256 எம்பி. ஒரு ஸ்லாப்பில் பத்து பைல்கள் இருந்து, ஒன்பதை நீங்கள் அழித்தாலும், பத்தாவது பைல் இருக்கும் வரை அந்த ஸ்லாப் பூலுக்கு திரும்பாது. பந்தியில் ஒரு பாயில் கடைசி ஆள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த பாயை சுருட்ட முடியுமா? அதே கதைதான்.

பல பாய்களில் ஒவ்வொருவராக உட்கார்ந்திருப்பவர்களை ஒரே பாய்க்கு அழைத்து உட்கார வைத்தால் மற்ற பாய்களை சுருட்டிவிடலாம் அல்லவா? அந்த வேலையை செய்ய விண்டோஸில் ஒரு கருவி உண்டு.

1. ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து, டிபிராக்மென்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து ‘டிபிராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்பதை திறக்கவும்.

2. பட்டியலில் உங்கள் ஸ்பேஸின் டிரைவ் எழுத்தை பாருங்கள். ‘மீடியா டைப்’ என்ற காலத்தில் ‘தின் புரொவிஷன்ட் டிரைவ்’ என்று இருக்கும். சாதாரண டிஸ்க்குகளுக்கு அங்கே ஹார்ட் டிஸ்க் டிரைவ் என்றோ சாலிட் ஸ்டேட் டிரைவ் என்றோ இருக்கும்.

3. அதை தேர்ந்தெடுத்து ‘ஆப்டிமைஸ்’ பட்டனை கிளிக் செய்யுங்கள்.

இந்த வகை டிரைவில் ஆப்டிமைஸ் இரண்டு வேலைகளை செய்கிறது. சிதறிக்கிடப்பவற்றை குறைந்த ஸ்லாப்களுக்குள் ஒதுக்குகிறது. பிறகு காலியான ஸ்லாப்களை “இவை எனக்கு வேண்டாம்” என்று பூலுக்கு திருப்பித் தருகிறது. முடிய நேரம் பிடிக்கும். முடிந்ததும் பூல் விண்டோவை மீண்டும் திறந்து, நோட்டில் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் படி: கணக்கு போடுவது

டிஸ்க்கை விடுவிக்கும் முன், மீதி டிஸ்க்குகள் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சிம்பிள் வகையில் கணக்கு எளிது. மிரர் வகையில் இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுவார்கள்.

நம் உதாரணத்தில் ஒரு 1 டெராபைட் டிஸ்க்கை எடுக்கிறோம். மீதி இருப்பது ஒரு 1 டெராபைட், ஒரு 2 டெராபைட். மொத்தம் 3 டெராபைட். மிரர் என்பதால் பாதி, அதாவது ஒன்றரை டெராபைட் பைல்கள் வைக்கலாம் என்று தோன்றும். தவறு. இரண்டு பிரதிகளும் வெவ்வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டே டிஸ்க் என்றால், சிறிய டிஸ்க் நிரம்பியதும் ஆட்டம் முடிந்தது. பெரிய டிஸ்க்கில் மீதி இருக்கும் 1 டெராபைட்டுக்கு ஜோடி இல்லை. எனவே வைக்கக்கூடியது 1 டெராபைட், விண்டோஸ் கணக்கில் 931 ஜிபி மட்டுமே.

நம்மிடம் இருப்பது 700 ஜிபி. தாங்கும். அதுவே 1,100 ஜிபியாக இருந்திருந்தால், பூலில் காலி இருப்பதாக காட்டினாலும் தாங்காது.

கணக்கு போட சுலபமான வழி இது. மீதி இருக்கப்போகும் டிஸ்க்குகளின் அளவுகளை கூட்டி இரண்டால் வகுங்கள். அதே கூட்டுத்தொகையில் இருந்து மிகப் பெரிய டிஸ்க்கின் அளவை கழித்தும் பாருங்கள். இரண்டு விடைகளில் எது சிறியதோ, டூ-வே மிரரில் அதிகபட்சம் அவ்வளவுதான் வைக்கலாம். அந்த எண்ணையும் முழுதாக பயன்படுத்தாமல் கொஞ்சம் இடம் மிச்சம் வையுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு ஸ்பேஸ் உருவாகும்போது, ஒரே நேரத்தில் எத்தனை டிஸ்க்குகளில் பரவலாக எழுத வேண்டும் என்று விண்டோஸ் முடிவு செய்துவிடுகிறது. அது பிறகு மாறாது. மூன்று டிஸ்க்கில் உருவாக்கிய டூ-வே மிரர் இரண்டு டிஸ்க்கில் வாழும். ஆனால் இரண்டு டிஸ்க்கில் பரவலாக எழுதும்படி பிறந்த சிம்பிள் ஸ்பேஸ் ஒரே டிஸ்க்கில் வாழாது. நான்கு டிஸ்க்கில் உருவாக்கிய மிரர், நான்கையும் கேட்கக்கூடும். இடம் இருந்தும் டிஸ்க்கை விடுவிக்க மறுக்கிறது என்றால் இதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: டிஸ்க்கை விடுவிப்பது

விண்டோஸ் 10-லோ 11-லோ உருவாக்கிய பூலில் இருந்துதான் டிஸ்க்கை இப்படி விடுவிக்க முடியும். விண்டோஸ் 8-ல் உருவாக்கிய பழைய பூல் என்றால், அதே விண்டோவில் ‘அப்கிரேட் பூல்’ என்று ஒரு லிங்க் தெரியும். அதை கிளிக் செய்து மேம்படுத்திக்கொள்ளலாம். மேம்படுத்திய பூலை பழைய விண்டோஸில் திரும்ப பயன்படுத்த முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

1. மேனேஜ் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் விண்டோவில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ பட்டனை கிளிக் செய்யுங்கள். அனுமதி கேட்டால் ‘எஸ்’ கொடுங்கள்.

2. கீழே பிசிகல் டிரைவ்ஸ் பட்டியலில் எடுக்க வேண்டிய டிஸ்க்கை கண்டுபிடியுங்கள். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருந்தால், அதன் பெயரையும் சீரியல் எண்ணையும் பெட்டியின் மேல் உள்ள லேபிளோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

3. அதன் அருகில் உள்ள ‘பிரிபேர் பார் ரிமூவல்’ என்பதை கிளிக் செய்யுங்கள். வெளியே எடுக்க தயார் செய் என்று பொருள். உறுதி கேட்டு மீண்டும் வரும் அதே பெயருள்ள பட்டனையும் கிளிக் செய்யுங்கள்.

4. இப்போது அந்த டிஸ்க்கில் இருப்பவை மற்ற டிஸ்க்குகளுக்கு நகரத் தொடங்கும். காத்திருங்கள்.

5. ‘ரெடி டு ரிமூவ்’ என்று வந்த பிறகு ‘ரிமூவ்’ என்பதை கிளிக் செய்து, ‘ரிமூவ் டிரைவ்’ கொடுங்கள். அதன் பிறகுதான் கேபிளில் கை வைக்க வேண்டும்.

நான்காவது படி எவ்வளவு நேரம் பிடிக்கும்? எடுக்கும் டிஸ்க்கில் 450 ஜிபி இருக்கிறது என்போம். ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலே 4,500 வினாடி, அதாவது ஒன்றேகால் மணி நேரம். நடைமுறையில் அந்த வேகம் கிடைக்காது. பழைய யுஎஸ்பி 2.0 இணைப்பில் இருந்தால் இன்னும் பல மணி நேரம் கூடும். எனவே இரவு தூங்கும் முன் தொடங்குவது நல்லது. செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் பகுதிக்கு போய் கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆவதை ‘நெவர்’ என்று மாற்றி வையுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் இணைப்பில் இருக்கட்டும். உங்கள் பகுதியில் மின்வெட்டு நேரம் என்று தெரிந்தால் அன்று தொடங்காதீர்கள். யுபிஎஸ் இருந்தால் யுஎஸ்பி டிஸ்க்கின் அடாப்டரையும் அதிலேயே சொருகுங்கள்.

வெளியே வந்த டிஸ்க் டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் வெறுமையாக இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டை திறந்து புதிய வால்யூம் உருவாக்கி, பார்மட் செய்து பயன்படுத்தலாம்.

சுருக்க முடியாத இடத்தில் என்ன செய்வது?

இரண்டே டிஸ்க் உள்ள டூ-வே மிரர், மூன்றே டிஸ்க் உள்ள பாரிட்டி போன்றவை ஏற்கெனவே குறைந்தபட்ச எண்ணிக்கையில் நிற்கின்றன. அதற்கு கீழே இறங்க முடியாது. இங்கே இரண்டு வழிகள்தான்.

முதல் வழி, புதிய டிஸ்க் ஒன்றை முதலில் பூலில் சேர்த்துவிட்டு, பிறகு பழையதை விடுவிப்பது. எண்ணிக்கை குறையாது, ஆனால் பழைய டிஸ்க் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது வழி, எல்லா பைல்களையும் வெளியே தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து, சரிபார்த்து, பிறகு ஸ்பேஸையும் பூலையும் டெலீட் செய்து, வேண்டிய டிஸ்க்குகளோடு புதிதாக உருவாக்குவது. மேல் வீட்டு சாருக்கு நாங்கள் இதைத்தான் செய்தோம். ஸ்பேஸை டெலீட் செய்தால் அதில் உள்ள அனைத்தும் போய்விடும். எனவே காப்பி எடுத்த மொத்த அளவும் பைல் எண்ணிக்கையும் அசலோடு ஒத்துப்போகிறதா என்று பிராப்பர்ட்டீஸில் பார்த்த பிறகே டெலீட் பட்டனுக்கு போங்கள்.

விர்ச்சுவல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற சாப்ட்வேரில் லினக்ஸ் கற்றுக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் இதேதான். அங்கே ‘டைனமிக்கலி அலொகேட்டட்’ என்று உருவாக்கும் டிஸ்க் பைல், உள்ளே எழுத எழுத வளரும். உள்ளே அழித்தால் தானாக சுருங்காது. உள்ளே இருக்கும் காலி இடத்தை பூஜ்யங்களால் நிரப்பிவிட்டு, விர்ச்சுவல் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, வெளியே இருந்து காம்பாக்ட் கட்டளை கொடுக்க வேண்டும். “இந்த இடம் எனக்கு வேண்டாம்” என்று மேலே இருப்பது சொன்னால்தான் கீழே இருப்பதற்கு தெரியும்.

சில கேள்விகள்

கேள்வி: டிஸ்க் வித்தியாசமான சத்தம் போடுகிறது. உடனே பிரிபேர் பார் ரிமூவல் கொடுக்கலாமா?
பதில்: முதலில் முக்கியமான பைல்களை வெளியே காப்பி எடுங்கள். விடுவிக்கும் வேலை அந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைக்கும். நடுவில் அது நின்றுவிடலாம். சிம்பிள் வகை என்றால் இது மிக அவசியம்.

கேள்வி: ஆப்டிமைஸை நான்தான் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டுமா?
பதில்: தேவையில்லை. விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே செய்யும்படி ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ளது. டிஸ்க்கை விடுவிக்கும் முன் மட்டும் நீங்களே ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: புது டிஸ்க் சேர்த்த பிறகும் பழைய டிஸ்க்குகள் மட்டும் நிரம்பியே இருக்கின்றனவே?
பதில்: அதே விண்டோவில் ‘ஆப்டிமைஸ் டிரைவ் யூசேஜ்’ என்று ஒன்று உள்ளது. அதை கிளிக் செய்தால் பைல்கள் எல்லா டிஸ்க்குகளுக்கும் சமமாக பரவும்.

கேள்வி: தின் வகையில் எவ்வளவு அளவு கொடுக்கலாம்?
பதில்: அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நீங்கள் உண்மையிலேயே வாங்கப்போகும் டிஸ்க்குகளின் கணக்கில் கொடுங்கள். மிகப் பெரிய எண்ணை கொடுத்தால் நஷ்டம் இல்லை. ஆனால் டிரைவ் காட்டும் காலி இடத்தை பார்த்து வீட்டில் இருப்பவர்கள் ஏமாறுவார்கள்.

நினைவில் கொள்க

டிரைவ் காட்டும் காலி இடம் வேறு, பூலில் உள்ள காலி இடம் வேறு. முதலில் காப்பி, பிறகு டெலீட், பிறகு ஆப்டிமைஸ், பிறகு கணக்கு, கடைசியில் விடுவிப்பது. ‘ரெடி டு ரிமூவ்’ என்று திரையில் வரும் வரை எந்த கேபிளையும் கழற்றாதீர்கள். டிஸ்க்கின் விலை சில ஆயிரம் ரூபாய்தான். அதில் இருக்கும் போட்டோக்களை எந்த கடையிலும் வாங்க முடியாது. இன்றே ஒருமுறை பூல் விண்டோவை திறந்து, உங்கள் எண்களை நோட்டில் குறித்து வையுங்கள்.